விமானத்தின் சாம்பலும் ஏவுகணையின் மஞ்சள் பட்டையும்

கேட்டவர் ஒரு படத்தை வைத்து இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வான் கண்காட்சி ஒன்றில் எடுத்த அந்தப் படத்தில் போர் விமானம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கிறது. பழைய படங்களில் காணும் பச்சையும் பழுப்பும் எங்கே போயின, ரேடார் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும் காலத்தில் பெயின்ட்டால் என்ன பயன் என்பது முதல் கேள்வி. அதே விமானத்தின் இறக்கையில் மாட்டியிருக்கும் ஏவுகணை ஒன்றில் மஞ்சளும் பழுப்பும் பட்டைகளாகச் சுற்றியிருக்க, மற்றொன்றில் நீலப் பட்டை இருக்கிறது. விமானத்தை இவ்வளவு பாடுபட்டு மறைத்துவிட்டு ஆயுதத்தில் மட்டும் ஏன் கண்ணைப் பறிக்கும் நிறம் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் அவர் கேட்க விரும்புவது, இந்த நிறங்களுக்கெல்லாம் ஒரே நோக்கம்தானா என்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரே நோக்கம் இல்லை. விமானத்தின் மேலுள்ள நிறம் எதிரியின் கண்ணை எண்ணி அடிப்பது. ஆயுதத்தின் மேலுள்ள நிறம் அதைத் தூக்கி மாட்டும் சொந்த ஆட்களின் கண்ணை எண்ணி அடிப்பது.

மேலே போகுமுன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். விமானங்களின் மேற்பூச்சுக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பழைய பெயின்ட்டை உரிப்பது, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பது, தாள் ஒட்டி நிறங்களைப் பிரிப்பது, எச்சரிக்கை எழுத்துகளை அச்சுத்தகடு வைத்துத் தெளிப்பது ஆகியவையே என் தொழில். ஆயுதம் மாட்டும் குழுவில் நான் இருந்ததில்லை. ஆகவே பூச்சைப் பற்றி எழுதுவது கைப்பழக்கத்தில் வந்தது. ஆயுதக் குறிகளைப் பற்றி எழுதுவது வெளியிடப்பட்ட தர விதிகளைப் படித்தும், மாட்டும் இடத்தில் ஓரமாக நின்று பார்த்தும் அறிந்தது. ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சுகளில் என்ன கலக்கிறார்கள் என்பதைச் செய்கிறவர்கள் வெளியே சொல்வதில்லை என்பதால், அதைப் பற்றி இணையத்தில் அடித்துப் பேசுகிறவர்களைச் சற்று ஐயத்தோடு படிப்பது நல்லது.

தொலைவில் பறக்கும் விமானத்தை நம் கண் நிறத்தைக் கொண்டு கண்டுபிடிப்பதில்லை. இடையிலுள்ள காற்றும் தூசும் ஈரப்பதமும் ஒளியைச் சிதறடிப்பதால், சில கிலோமீட்டருக்கு அப்பால் பச்சையும் பழுப்பும் நீலமும் தம் அடையாளத்தை இழந்து, வெறும் புள்ளியாகத்தான் தெரியும். கண்ணில் சிக்குவது அந்தப் புள்ளிக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாடு. வெயில் மேலிருந்து விழுவதால் முதுகு வெளுத்தும் வயிறு இருண்டும் தோன்றும். அதைச் சமன் செய்யவே முதுகுக்கு அடர்ந்த நிறமும் வயிற்றுக்கு வெளிர்ந்த நிறமும் கொடுக்கிறோம். பல மீன்களின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதும் இதே கணக்குத்தான்.

வெளிச்ச வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை நடத்திய யெஹூதி என்ற சோதனையைவிட நல்ல சான்று கிடையாது. அவெஞ்சர் வகை விமானத்தின் முன்பக்கத்தில் வரிசையாக விளக்குகளைப் பொருத்தி, பின்னாலுள்ள வானத்தின் பிரகாசத்துக்கு ஈடாக எரியவிட்டார்கள். விளக்கு இல்லாதபோது ஏறத்தாழ 12 மைலில் கண்ணில் பட்ட விமானம், விளக்கு எரிந்தபோது சுமார் 2 மைல் வரை நெருங்கிய பிறகே தெரிந்தது. மறைவதற்காக விளக்கைப் போட்டுக்கொள்வது கேட்கும்போது கிறுக்குத்தனமாக இருந்தாலும் காரணம் எளியது. பகல் வானத்தின் முன்னால் வரும் விமானம், வெள்ளை பெயின்ட்டே அடித்திருந்தாலும், இருண்டுதான் தெரியும். பெயின்ட் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புமே தவிர, தானாக ஒளியை உண்டாக்காது.

பச்சைக்கும் பழுப்புக்கும் வருகிறேன். 1950களில் பல போர் விமானங்கள் பெயின்ட்டே இல்லாமல் வெள்ளி உலோகமாகத்தான் பறந்தன. எடையும் குறைவு, பராமரிப்பும் சுலபம். வியட்நாம் போருக்கு அப்படியே போன அமெரிக்க விமானங்கள், காட்டின் மேல் தாழப் பறக்கையில் மேலிருந்து பார்க்கும் எதிரிக்குப் பளிச்சென்று தெரிந்தன. 1960களின் நடுவில் அவற்றின் முதுகுக்கு இரண்டு பச்சையும் ஒரு மண் நிறமும், வயிற்றுக்கு வெளிர் சாம்பலும் அடித்தார்கள். நீங்கள் பழைய படங்களில் பார்க்கும் எஃப்-4, எஃப்-105 விமானங்களின் கோலம் இதுதான். இங்கே பின்னணி வானம் கிடையாது, தரை. தாழப் பறக்கிற விமானத்தை மேலே இருப்பவனிடமிருந்து மறைக்கத் தரையின் நிறம் வேண்டும்.

இந்த வகையில் என் மனதுக்கு நெருக்கமானது ஸ்வீடனின் விக்கன் போர் விமானம். இரண்டு பச்சை, ஒரு மண் நிறம், ஒரு கருமை என நான்கு நிறங்களை முறிந்த கோணங்களாக ஒட்டி, வயலும் புல்வெளியும் என்று பொருள்படும் பெயரையே அந்தக் கோலத்துக்கு வைத்தார்கள். அது பறப்பதற்காக மட்டும் வடிவமைத்த கோலமன்று. போர் மூண்டால் பெரிய தளங்களை விட்டு விலகி, நெடுஞ்சாலைகளையே ஓடுபாதையாக்கிக் காட்டோரங்களில் விமானங்களைச் சிதறி நிறுத்துவது அவர்களது திட்டம். மரத்தடியில் நிற்கும் விமானம் மேலிருந்து எடுக்கும் படத்தில் மரத்தோடு மரமாகத் தெரிய வேண்டும். பூச்சுக்காரன் கண்ணோடு பார்த்தால், வளைவே இல்லாத அந்த நேர்க்கோடுகளைத் தகடு இணையும் இடங்களில் பிசகாமல் தாண்டவைப்பது எத்தனை பேரின் பொறுமையைத் தின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வேலைக்குத் தகுந்த நிறம் என்பதற்கு இளஞ்சிவப்பும் உதாரணம். இரண்டாம் உலகப் போரில், விடியலிலும் அந்தியிலும் மேகத்துக்குச் சற்றுக் கீழே பறந்து படமெடுத்த சில ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு அடித்திருந்தார்கள். மிக உயரத்தில் போனவற்றுக்கு ஒருவித நீலம். 1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் டொர்னாடோ விமானங்கள் பச்சை, சாம்பல் பூச்சின் மேல், கழுவி எடுக்கக்கூடிய தற்காலிகமான பாலைவன இளஞ்சிவப்பைப் பூசிக்கொண்டு போயின. மணலை ஒட்டித் தாழப் பறக்க அது பொருந்தியது. ஆனால் போர் தொடங்கிச் சில நாட்களிலேயே தாழ்வான தாக்குதலை விட்டு நடுத்தர உயரத்துக்கு மாறினார்கள். அங்கே மணல் நிறத்தால் பெரிய பயன் இல்லை. தரை இலக்குகளைத் தாக்கும் அமெரிக்காவின் ஏ-10 விமானத்துக்கும் இதே கதைதான். ஐரோப்பியக் காடுகளின் மேல் மரமட்டத்தில் வளைந்து திரும்பும் என்று எண்ணி மேலும் கீழும் அடர்ந்த பச்சையும் கரும்சாம்பலும் அடித்திருந்தார்கள், ஏனென்றால் சாய்ந்து திரும்பும்போது வயிறும் மேலே தெரியும். 1990களில் அது உயரமாகப் பறக்கத் தொடங்கியதும் இரண்டு சாம்பலுக்கு மாறியது.

ஆக, பச்சையைச் சாம்பல் வென்றதற்குக் காரணம் விமானங்கள் ஏறிய உயரம். உயரத்தில் பின்னணி என்பது மேகம், மங்கல், நீலம், கடல் எல்லாம் கலந்த ஒன்று. எந்தப் பின்னணியிலும் முழுதாக மறையாவிட்டாலும், எல்லாப் பின்னணியிலும் சுமாராக மறையும் நிறம் நடுத்தரச் சாம்பல். தெளிந்த வானத்துக்கு நீலம் பொருத்தம் என்று எண்ணி எஃப்-15இன் தொடக்ககால விமானங்களுக்கு வெளிர் நீலம் அடித்துப் பார்த்தார்கள். வானம் எப்போதும் நீலமாக இருப்பதில்லை என்பதால் விரைவிலேயே இரண்டு வெளிர் சாம்பலுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டனில் பார்லி கிரே என்று ஒரு சாம்பல் உண்டு. அது தானியத்தின் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் இந்தச் சாம்பல்களை ஆராய்ந்த ஃபிலிப் பார்லி என்பவரின் பெயர் அது.

சாம்பல் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அதற்குள் பல உண்டு. அமெரிக்க முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்திலக்க எண். முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம், சாம்பலுக்கு 6. எஃப்-16இன் பரவலான கோலத்தில் முதுகுக்கு 36118, பக்கங்களுக்கும் முன்பகுதிக்கும் 36270, அடியில் 36375 என்று மூன்று சாம்பல்கள். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் தாளை விளிம்போடு அழுத்தி ஒட்டாமல் சற்றுத் தூக்கி விட்டோ, கைத்தெளிப்பிலோ அடித்தால், கோடு கூராக விழாமல் ஒன்றில் ஒன்று கரையும். கூரான கோடு கண்ணைப் பிடித்து நிறுத்தும். கரைந்த கோடு நிறுத்தாது.

முதல் இலக்கத்தின் அருமையை நான் கற்றது ஒரு பிழையால். ஒரு விமானத்தின் பக்கவாட்டில் ஆய்வுக் கதவு ஒன்றை மாற்றிவிட்டு, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பார்த்து டப்பாவைத் திறந்து அடித்துவிட்டோம். 3 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது. கூடத்துக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் படவில்லை. மறுநாள் காலை வெளியே இழுத்து நிறுத்தியதும், ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சாண் தகடு கண்ணாடித் துண்டுபோல் மின்னியது. நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தும், விமானம் இருக்கும் இடத்தை அது கூவிச் சொன்னது. படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கும் இதுவே காரணம். ஒரே சாம்பல் காலை வெயிலில் நீலமாகவும், மழை மேகத்தடியில் ஊதாவாகவும் பதிவாகும். வெயிலில் வெளுத்த பழைய பூச்சின் மேல் புதிய ஒட்டு விழுந்தால் அது வேறொரு நிறம் என்றே தோன்றும்.

சில விமானங்களின் அடிவயிற்றில் விமானியின் கண்ணாடிக் கூண்டு போலவே கறுப்பாக ஓர் உருவம் தீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனடாவின் சிஎஃப்-18களில் அது உண்டு, ஏ-10களிலும் உண்டு. அமெரிக்க விமான ஓவியர் கீத் ஃபெரிஸ் 1970களில் வலியுறுத்திய யோசனை அது. நெருங்கிச் சுழன்று சண்டையிடும்போது, எதிரில் உள்ள விமானம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அதன் முதுகு தெரிகிறதா வயிறு தெரிகிறதா என்பதை வைத்தே விமானி கணிக்கிறார். அந்தக் கணிப்பில் அரை நொடி தடுமாற்றம் உண்டாக்குவது நோக்கம். நோக்கம் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. உண்மையான சண்டையில் எவ்வளவு பயன் தந்தது என்று யாராவது கணக்குச் சொன்னால் நான் நம்பமாட்டேன், பெரும்பாலான சண்டைகள் அவ்வளவு நெருக்கத்துக்கு இப்போது வருவதே இல்லை.

ரேடார் பற்றிய பகுதிக்குச் சுருக்கமான பதில்: சாதாரணப் பெயின்ட், அது பச்சையோ சாம்பலோ, ரேடாரை ஒன்றும் செய்யாது. ரேடாரில் எளிதில் சிக்காதபடி வடிவமைத்த எஃப்-22, எஃப்-35 போன்ற விமானங்களில் ரேடார் எதிரொலியைக் குறைப்பதில் பெரும்பங்கு உடலின் வடிவத்துக்கு. அலையை உறிஞ்சும் பூச்சு அதற்குத் துணை. ஆயுதங்களை வயிற்றுக்குள் அறைகளில் மூடி வைப்பதும் இதற்காகத்தான். எஃப்-22 தன் அறைகளுக்குள் ஆறு ஆம்ராம் ஏவுகணைகளும் இரண்டு சைட்விண்டர் ஏவுகணைகளும் கொண்டுபோகும். அவையே வெளியே தொங்கினால் வடிவத்தால் கிடைத்த பலன் வீணாகிவிடும். ஆனால் எல்லா விமானத்திலும் ரேடாரோடு தொடர்புள்ள ஓர் இடம் உண்டு, அது மூக்குக் கூம்பு. உள்ளே இருக்கும் சொந்த ரேடாரின் அலை அதன் வழியே வெளியேறித் திரும்ப வேண்டும் என்பதால், உலோகத்தூள் கலந்த எதையும் அங்கே அடிக்கக் கூடாது. மழைத்துளி அரிக்காமலும் நிலைமின்சாரம் சேராமலும் காக்கும் தனிப் பூச்சு வேண்டும். மூக்கு மட்டும் உடலோடு ஒட்டாத வேறு சாம்பலாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

ரேடார் இருந்தும் கண்ணுக்கு மறைய வேண்டியிருப்பதற்குக் காரணம், கடைசிச் சில கிலோமீட்டரில் இன்றும் கண்தான் முடிவு செய்கிறது என்பது. எதிரியா நண்பனா என்று பார்த்து உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்ற கட்டளை பல போர்களில் இருந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, விமானத்தின் நிறமே சொந்தப் படையிடம் பேசிய சந்தர்ப்பமும் உண்டு. 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்குவதற்கு முன், நேச நாடுகளின் விமானங்களுக்கு இறக்கையிலும் வாலை ஒட்டிய உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு எனப் பட்டை பட்டையாக அடித்தார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம். சொந்தக் கப்பல்களின் துப்பாக்கிகள் தம் விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பது அன்றைய அச்சம். இரகசியம் காக்கக் கடைசி நேரத்தில் கட்டளை வந்ததால், பல தளங்களில் துடைப்பமும் தூரிகையும் கொண்டு இழுத்துவிட்டார்கள் என்பது அன்றைய படங்களில் கோணிய கோடுகளாகத் தெரிகிறது.

ஏவுகணைப் பட்டைகளும் இப்படிச் சொந்த ஆளிடம் பேசுகிறவைதான். அமெரிக்காவிலும் நேட்டோ நாடுகளிலும் வழங்கும் முறையில் மஞ்சள் என்றால் உள்ளே உயர்வெடிமருந்து இருக்கிறது. பழுப்பு என்றால் ராக்கெட் மோட்டாரின் எரிமருந்து போல வேகமாக எரியக்கூடியது இருக்கிறது. நீலம் என்றால் பயிற்சிக்கானது, வெடிக்காது. ஏவுகணை பார்வைக்கு ஒரே குழாய் போல இருந்தாலும், இலக்கைத் தேடிப் பிடிக்கும் தேடுமுனை, வெடிமருந்துள்ள வெடிமுனை, மோட்டார் என்று தனித்தனியாகச் செய்து இணைத்த துண்டுகள் அது. எந்தத் துண்டில் என்ன இருக்கிறதோ அந்தத் துண்டின் மேல்தான் அந்தப் பட்டை. ஆம்ராமில் மஞ்சள் முன்னால் வெடிமுனையின் மேலும், பழுப்பு பின்னால் மோட்டாரின் மேலும் இருப்பதைக் காணலாம். சைட்விண்டர் 127 மி.மீ. குறுக்களவும் சுமார் 85 கிலோ எடையும் உள்ளது. மூன்று நான்கு பேர் சேர்ந்து கையாலேயே தூக்கி இறக்கை நுனியில் நுழைத்துவிடுவார்கள். இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் அதை ஏந்தி நிற்பவருக்குத் தம் தோளில் சாய்ந்திருக்கும் துண்டில் என்ன இருக்கிறது என்பது படிக்காமலே தெரிய வேண்டும். அந்தச் சின்னப் பட்டை விமானத்தைக் காட்டிக்கொடுக்குமோ என்ற கவலை வேண்டாம். அது கண்ணில் படும் தொலைவுக்கு வந்துவிட்டவன் விமானத்தை எப்போதோ பார்த்திருப்பான்.

நீலப் பட்டையுள்ளவை வெறும் பொம்மைகள் என்று எண்ணிவிடக் கூடாது. பயிற்சிக்கான சைட்விண்டரில் மோட்டாரும் வெடிமுனையும் இருக்காது, ஆனால் தேடுமுனை உண்மையானது. அது எதிரிலுள்ள எஞ்சினின் வெப்பத்தைப் பிடித்ததும் விமானியின் காதில் உறுமல் கேட்கும். இறக்கையை விட்டு மட்டும் கிளம்பாது. ருஷ்ய ஆயுதங்களைப் படிக்க இந்த நிற அகராதியை எடுத்துப் போகாதீர்கள், அங்கே வழக்கம் வேறு.

குண்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க விமானப்படையின் குண்டு வழவழப்பான ஆலிவ் பச்சை. அதே குண்டு கடற்படையிடம் இருந்தால் மேற்பரப்பு கரகரப்பாக, மணல் கலந்து பூசியதுபோல் இருக்கும், மூக்கில் மஞ்சள் பட்டையும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். அது வெப்பத்தைத் தாங்கும் பூச்சு. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், நின்றிருந்த விமானத்திலிருந்து ஒரு ராக்கெட் தற்செயலாகக் கிளம்பி மற்றொன்றின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. பரவிய தீயில் பழைய குண்டு ஒன்று ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் வெடித்துவிட்டது. 134 பேர் இறந்தார்கள். முதலில் ஓடிப்போன தீயணைப்புக் குழுவுக்கு நெருப்பை அடக்க நேரமே கிடைக்கவில்லை. தீயில் கிடக்கும் குண்டு வெடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டித் தருவதே இந்தக் கரகரப்பான பூச்சின் வேலை. நான் பார்த்த எல்லாப் பூச்சுகளிலும் அழகைப் பற்றிச் சற்றும் கவலைப்படாதது இது. கையால் தடவினால் உள்ளங்கை சிராய்க்கும்.

உங்கள் படத்துக்குத் திரும்பினால், நீலப் பட்டை உள்ளது பயிற்சி ஏவுகணை என்பது உறுதி. மஞ்சளும் பழுப்பும் உள்ளதில் உண்மையிலேயே வெடிமருந்து இருக்கிறதா என்பதைப் படத்தை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் காட்சிக்கு நிறுத்தும் விமானங்களில் வெற்று உறைக்கு அசல் போலவே பட்டை தீட்டி மாட்டுவதும் நடக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, பட்டைக்கு அருகே தெளித்திருக்கும் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். வகை எண்ணுக்கு முன்னால் பயிற்சிக்குரிய கூடுதல் எழுத்துகள் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.